பேங்கர் சீட் யாருக்கு? தீக்குச்சி வைத்து ஆடும் பிரிட்டிஷ் 'பாண்டூன்'!

'பிளாக்ஜாக்' ஆட்டத்தை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பச்சைத் துணி விரித்த மேஜை, சீட்டு போடும் கேசினோ ஊழியர், எதிரே பணத்தை விட்டுக்கொண்டிருக்கும் ஹீரோவின் நண்பன்! அந்த ஆட்டத்துக்கு பிரிட்டனில் ஒரு குடும்பச் சொந்தம் உண்டு. பெயர் 'பாண்டூன்'. வீடுகளில் இதைப் பணத்துக்குப் பதில் தீக்குச்சிகளை வைத்து ஆடுவார்கள்.

'இருபத்தொன்று' என்று அர்த்தம் தரும் பழைய பிரெஞ்சு ஆட்டத்தின் பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் சிதைந்து 'பாண்டூன்' ஆனது என்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களிடமும் இது பிரபலம்.

எப்படி ஆடுவது?

ஜோக்கர் இல்லாத 52 சீட்டுகள். ஒருவர் பேங்கர். 21-ஐத் தாண்டாமல் பேங்கரைவிட அதிகம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ராஜா, ராணி, ஜாக்கிக்கு 10. ஏஸுக்கு 1 அல்லது 11, உங்கள் வசதி.

முதல் சீட்டைப் பார்த்துவிட்டுப் பந்தயம் வையுங்கள். பிறகு இரண்டாவது சீட்டு வரும். பிளாக்ஜாக்கில் பேங்கரின் ஒரு சீட்டு தெரியும். இங்கே இரண்டுமே மூடித்தான் இருக்கும். இனி உங்களுக்கு மூன்று வழிகள்.

* ட்விஸ்ட்: இலவசமாக ஒரு சீட்டு. ஆனால், எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்கப்படும்.
* பை: பந்தயத்தைக் கூட்டி, மூடிய சீட்டு வாங்கலாம். ஒருமுறை ட்விஸ்ட் கேட்டுவிட்டால் பிறகு 'பை' கிடையாது.
* ஸ்டிக்: போதும் என்று நிறுத்துவது. குறைந்தது 15 இருக்க வேண்டும்.

21-ஐத் தாண்டினால் 'பஸ்ட்'. பந்தயம் போச்சு!

எது பெரியது?

முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புச் சீட்டும் வந்தால் அதுதான் 'பாண்டூன்'. அடுத்தது, 21-ஐத் தாண்டாத ஐந்து சீட்டு. இரண்டுக்கும் இரட்டிப்புப் பரிசு.

உதாரணமாக, கையில் 7, 5. மொத்தம் 12, நிறுத்த முடியாது. ட்விஸ்ட் கேட்டதில் 3, அடுத்து 2 வருகிறது. இப்போது நான்கு சீட்டில் 17. நிறுத்தலாம். ஐந்தாவது சீட்டு ஏஸ், 2, 3, 4-ல் ஒன்றாக இருந்தால் இரட்டிப்பு. 5 வந்தாலே பஸ்ட். என்ன செய்வீர்கள்?

நாற்காலி மாறும்

எண்ணிக்கை சமமானால் ஜெயிப்பது பேங்கர். அதோடு, நீங்கள் பஸ்ட் ஆன பிறகுதான் அவர் தன் சீட்டையே திறப்பார். அதனால் லாபம் அந்த நாற்காலி பக்கம்தான். கேசினோவில் அதில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பது கேசினோவே. பாண்டூனில் அப்படியில்லை. பேங்கரிடம் பாண்டூன் இல்லாதபோது உங்களுக்கு வந்தால், அடுத்த பேங்கர் நீங்கள்தான். தாத்தாவிடமிருந்து பேத்திக்குப் போகலாம், பேத்தியிடமிருந்து அம்மாவுக்கு!

ஒரு எச்சரிக்கை: மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா கேசினோக்களில் 'பாண்டூன்' என்ற பெயரில் இருப்பது வேறு ஆட்டம், அங்கே நாற்காலி மாறாது.

வீட்டில் ஆளுக்கு 20 புளியங்கொட்டை போதும். குழந்தைகளுக்குக் கூட்டல் பழகும். எங்கே நிறுத்துவது என்பது பெரியவர்களுக்கும் பழகும். பர்ஸ் மட்டும் அலமாரியிலேயே இருக்கட்டும்!