காசு கொடுத்துச் செய்யும் தொண்டு

வெளிநாட்டில் விடுமுறையைக் கழிக்கச் செல்வோர், அங்குள்ள பள்ளியிலோ பண்ணையிலோ காட்டுயிர்ப் பாதுகாப்பு முகாமிலோ சில வாரம் ஊதியமின்றி உழைத்துவிட்டு, எஞ்சிய நாள்களில் ஊர் சுற்றிப் பார்க்கும் முறை தன்னார்வச் சுற்றுலா எனப்படுகிறது. இதில் உழைப்பவருக்குக் கூலி கிடையாது என்பதோடு, தங்குமிடம், உணவு, ஏற்பாட்டுச் செலவு ஆகியவற்றுக்காகப் பெரும்பாலும் அவரே பணமும் கட்ட வேண்டியிருப்பதால், தொண்டராகப் புறப்படுபவர் வாடிக்கையாளராகவும் ஆகிவிடுகிறார்; இத்துறையைச் சூழ்ந்த சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இரட்டை நிலையிலிருந்தே கிளைக்கிறது.

இதற்கு முன்னோடியான முயற்சிகளில் பணம் இவ்வாறு குறுக்கே வரவில்லை. முதல் உலகப்போர் முடிந்தபின், 1920இல், பியேர் செரெசோல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர், வெர்தன் போர்க்களத்தை அடுத்து இடிந்து கிடந்த எஸ்ன் என்ற பிரெஞ்சுச் சிற்றூரை மீண்டும் கட்டியெழுப்பப் பல நாட்டவரைத் திரட்டினார். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தது எதிர்ப்பைக் கிளப்பியதால் சில மாதங்களிலேயே குழு முழுவதும் வெளியேற நேர்ந்தது. ஆயினும் அந்த இயக்கம் அழிந்துவிடவில்லை. 1934ஆம் ஆண்டு பீகாரைக் குலைத்த நிலநடுக்கத்துக்குப் பின் செரெசோலே இந்தியாவுக்கு வந்து, வீடிழந்த கிராமத்தாருக்குக் குடியிருப்புகள் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் பிரிட்டனில் 1958இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பும், அமெரிக்க அரசு 1961இல் நிறுவிய பீஸ் கோர் அமைப்பும், ஓராண்டு, ஈராண்டு என நெடுங்காலம் ஒரே ஊரில் தங்கும் தொண்டர்களை அனுப்பின. வி.எஸ்.ஓ. தொடக்கத்தில் அனுப்பியவர்கள் பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த இளைஞர்களே என்பதையும் மறைப்பதற்கில்லை. அனுபவக் குறைவு புதிய குறையன்று. புதியது யாதெனில், பயண நிறுவனங்கள் இத்துறைக்குள் நுழைந்தபின் தங்கும் காலம் இரண்டு வாரமாகவும் ஒரு வாரமாகவும் சுருங்கியதும், எந்த வேலை தேவை என்பதைக் காட்டிலும் எந்த வேலைக்கு ஆள் வந்து பணம் கட்டுவர் என்பது முன்னுக்கு வந்ததும்தான்.

இதன் விளைவை, இத்தகைய தொண்டர்கள் வந்துபோகும் ஆதரவற்றோர் இல்லங்கள் பெருகிய நேபாளத்திலும் கம்போடியாவிலும் வெளிப்படையாகக் காணலாம். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா முதலான தொலைதூர மலை மாவட்டங்களில் வாழ்ந்த பெற்றோரிடம், பிள்ளைகளைத் தலைநகரில் நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லித் தரகர்கள் பணம் பெற்றுக்கொண்டு குழந்தைகளை அழைத்துச் சென்று, பெற்றோர் இறந்துவிட்டதாகத் தாள்களைத் தயார்செய்து ஆதரவற்றோர் இல்லங்களில் சேர்த்தனர். போர் ஓய்ந்த பின்னும் இது ஓயவில்லை. அந்நாட்டு இல்லங்களில் பெரும்பாலானவை வறுமை மிகுந்த மாவட்டங்களில் இல்லாமல், காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலும், பொக்காரா அமைந்துள்ள காஸ்கியிலும், யானைச் சவாரிக்குப் பெயர்பெற்ற சித்வனிலும், அதாவது வெளிநாட்டுப் பயணிகள் திரளும் இடங்களிலேயே குவிந்திருந்தன. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 75 விழுக்காடு உயர்ந்தது. மக்களைக் கொன்று குவித்த கெமர் ரூஜ் ஆட்சி 1979இலேயே வீழ்ந்துவிட்டதால், அதன் கொலைக்களங்களில் பெற்றோரை இழந்தவர்களே இக்குழந்தைகள் என்று கூறவும் வழியில்லை. இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்ததாக யூனிசெஃப் ஆய்வு காட்டியது. அரசு 2015இல் எடுத்த கணக்கெடுப்பு, 406 இல்லங்களில் 16,579 குழந்தைகள் இருந்ததாகப் பதிவு செய்தது.

பயணிகள் வரவர இல்லங்கள் பெருகின; இல்லங்கள் பெருகப்பெருகக் குழந்தைகள் தேவைப்பட்டனர். அங்கோர் கோயில்களைக் காண வந்தோர் தங்கும் சியம் ரீப் நகரில், சில இல்லங்கள் விருந்தினர் முன் குழந்தைகளை அப்சரா நடனம் ஆடவைத்து நன்கொடை திரட்டின. குழந்தை நன்றாக உண்டு உடுத்தியிருந்தால் நன்கொடை குறையும் என்ற கணக்கில் அதனை வாடவைத்த நடத்துநர்களும் இருந்தனர். பணம் கட்டியவரின் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. அந்த நல்லெண்ணமே சந்தையின் தேவையாக மாறியது என்பதே இங்கு நேர்ந்த கோளாறு.

தொண்டருக்கு மிகுந்த மகிழ்ச்சியளிக்கும் காட்சியே உளவியலாருக்குக் கவலையளிக்கும் காட்சியாக இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் வாசலில் நுழைந்ததும் மூன்று வயதுக் குழந்தை ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்வதை அவர் அன்பெனக் கொள்கிறார்; வீட்டில் வளரும் அதே வயதுக் குழந்தையோ புதியவரைக் கண்டால் தாயின் புடவைத் தலைப்புக்குள் ஒளியும். நிலையான பராமரிப்பாளர் ஒருவரோடு குழந்தை கொள்ளும் உறவே அதன் பாதுகாப்புணர்வுக்கு அடித்தளம் என்பதை, ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய 1951ஆம் ஆண்டு அறிக்கையில் விளக்கினார். 2000இல் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் தொடங்கப்பட்ட நீண்டகால ஆய்வு, காப்பகத்திலேயே விடப்பட்ட குழந்தைகளைவிட, வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டவர்கள் அறிவு வளர்ச்சியிலும் உறவுப் பிணைப்பிலும் மேம்பட்டதைக் காட்டியது. ஆகவே இரண்டு வாரத்துக்கொருவர் வந்து கொஞ்சிவிட்டுப் போகும் ஏற்பாட்டில், குழந்தை ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவைச் சந்திக்கிறது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியபோது, இல்லங்களில் சேர்ப்பதற்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றது, 2019இல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் இத்தகைய தொண்டின் தீங்கைச் சுட்டியது.

வந்துபோகும் கைகளே போதுமான வேலைகளும் உண்டு. கோஸ்டா ரிகாவின் கரீபியக் கரையிலுள்ள டோர்டுகேரோவில், ஆர்ச்சி கார் என்னும் உயிரியலாளர் 1950களில் தொடங்கிய பச்சைக் கடலாமை ஆய்வு இன்றும் தொடர்கிறது. கட்டணம் செலுத்தி வரும் தொண்டர்களும் அதில் சேர்க்கப்படுகின்றனர். கருநிற உடையணிந்து, வெள்ளொளி விளக்கைத் தவிர்த்துச் சிவப்பொளியோடு இரவில் கரையில் நடக்கும் குழு, கரையேறிய ஆமை பின்துடுப்புகளால் குழி தோண்டி முடிக்கும்வரை அசையாமல் காத்திருக்கிறது. முட்டையிடத் தொடங்கியதும் சுற்றுப்புறத்தை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது என்பதால், ஒருவர் பின்னால் படுத்துக் கையுறையணிந்த கையால் விழும் முட்டைகளை எண்ணுகிறார், நூற்றுக்குமேல் போகும். இட்டு முடித்தபின் ஓட்டின் நீளம் அளக்கப்படுகிறது. முன்துடுப்புகளில் எண் பொறித்த உலோகப் பட்டை பொருத்தப்படுகிறது. இவ்வேலையைக் குறுகிய பயிற்சியிலேயே கற்கலாம். பிழையைத் திருத்த ஆய்வாளர் உடனிருக்கிறார். ஆள் மாறுவதால் ஆமைக்கு ஏக்கம் எதுவும் இல்லை. இதே வேலைக்கு விமானம் ஏறத்தான் வேண்டும் என்பதுமில்லை: சென்னையில் 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு, ஆண்டின் தொடக்க மாதங்களில் இரவுதோறும் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றிவருகிறது.

பண்ணைத் தொண்டு இன்னும் எளிய ஏற்பாடு. இங்கிலாந்தில் சூ காப்பர்ட் 1971இல் தொடங்கிய வூஃப் முறையில், இயற்கை வேளாண் பண்ணையில் நாளின் ஒரு பகுதியைக் களையெடுப்பிலும் அறுவடையிலும் செலவிடுபவருக்கு உணவும் இடமும் கிடைக்கின்றன, பணம் கைமாறுவதில்லை. விசா மட்டும் எல்லா வகைத் தொண்டிலும் கவனிக்க வேண்டியது. தாய்லாந்தில் ஊதியமில்லாத வேலைக்கும் பணி அனுமதி தேவை. சுற்றுலா விசாவில் சென்று ஆங்கிலம் கற்பிப்பவர், மனத்தளவில் தொண்டராயினும் சட்டத்தளவில் குற்றவாளியாகக்கூடும். குழந்தைகளோடு பழகும் பணிக்கு ஆளெடுக்கும் நிறுவனம், காவல்துறை நற்சான்றைக் கேட்கிறதா, கடனட்டை எண்ணை மட்டும் கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்குச் சுவர் எழுப்பும் திட்டமாக இருந்தால், அவ்வூரில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாள் கூலி என்ன என்று விசாரிப்பது நல்லது. கரணை பிடித்தறியாத இருபது பேரின் விமானக் கட்டணத்தை அந்தக் கூலியால் வகுத்துப் பார்த்தால், அந்தச் சுவரை யார் கட்டியிருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.