கேட்ட மெட்டும் எடுத்த மெட்டும்

ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குரலே போதும். சுத்த தைவதத்தில் தொடங்கிப் பஞ்சமத்துக்கு இறங்குங்கள். பஞ்சமத்தை இன்னொரு தரம் தொடுங்கள். மறுபடியும் தைவதம், பஞ்சமம், பஞ்சமம். மூன்றாம் முறையும் அதேதான். அது முடிந்ததும் மேல் ஸ்தாயி சாதாரண காந்தாரத்துக்கு ஒரே தாவல். மொத்தம் பத்து ஸ்வரங்கள். மேற்கத்திய செவ்விசை கேட்டு வளர்ந்தவர் இதை மொஸார்ட்டின் 40ஆவது சிம்பொனி என்பார். பழைய இந்திப் பாட்டில் தோய்ந்தவர் தலத் மஹ்மூத், லதா மங்கேஷ்கர் பெயர்களைச் சொல்வார். இருவர் சொல்வதும் சரிதான்.

மொஸார்ட் அந்த சிம்பொனியை எழுதியது 1788இல், வியன்னாவில். 1961இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'சாயா' படத்துக்கு இசையமைத்த சலீல் சௌத்ரி, அதன் முதல் பகுதியின் தொடக்கத்தை எடுத்து 'இத்னா நா முஜ்ஸே' என்ற பாட்டின் பல்லவியாக்கினார். சலீலின் தந்தை அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவர். வீட்டில் இருந்த மேற்கத்திய இசைத்தட்டுகளைச் சிறுவயதிலேயே கேட்டுக் கேட்டு ஊறியவர் சலீல். 'சாயா'வுக்கு மூன்று ஆண்டுகள் முன்னால், பிமல் ராயின் 'மதுமதி'யில், போலந்து நாட்டுப்புறப் பாட்டு ஒன்றைக் குமாவுன் மலைக்காட்டில் பாடுவதுபோல் மாற்றிக் காட்டியிருந்தார்.

இது திருட்டா? கேள்வி எளிதாகத் தெரிகிறது. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டைக் கேட்டதும் "இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே" என்று நம் காது சொல்கிறதே, அது எதை வைத்துச் சொல்கிறது?

ஒரே பாட்டை ஆண் ஒரு சுருதியிலும் பெண் வேறொரு சுருதியிலும் பாடினால் காற்றில் எழும் அதிர்வெண்கள் எல்லாமே மாறிவிடுகின்றன. ஒன்றுகூட ஒத்துப்போவதில்லை. இருந்தும் அது அதே பாட்டுதான் என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிகிறது. பேசத் தொடங்காத கைக்குழந்தைகள்கூட, சுருதி மாற்றிப் பாடிய மெட்டை அதன் ஏற்ற இறக்கத்தால் அடையாளம் காண்கின்றன என்று கனடாவில் சாண்ட்ரா டிரெஹப் செய்த ஆய்வுகள் காட்டின. ஸ்வரங்கள் நின்ற இடத்தைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனோம் என்பதையே மூளை பிடித்துக்கொள்கிறது. மெட்டு என்பது ஒரு கோட்டோவியம் மாதிரி. பெரிதாக வரைந்தாலும் சிறிதாக வரைந்தாலும் முகம் அதே முகம்.

இந்தக் கோட்டோவியம் எவ்வளவு வலுவானது என்பதை 1975இல் டெனிஸ் பார்ஸன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு புத்தகமாகவே போட்டுக் காட்டினார். ஸ்வரத்தின் பெயர் வேண்டாம், தாளம் வேண்டாம், ராகமும் வேண்டாம். முந்தைய ஸ்வரத்தைவிட இது மேலே போகிறதா, கீழே வருகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்பதை மட்டும் எழுதிக்கொண்டே போங்கள். முதல் 15 அசைவுகள் வரை எழுதினால் ஆயிரக்கணக்கான மெட்டுகளில் எது உங்களுடையது என்று அகராதியில் சொல் தேடுவதுபோல் தேடி எடுத்துவிடலாம். மூன்றே குறிகள், 15 இடங்கள்: கணக்குப் போட்டால் 1 கோடியே 43 லட்சத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் கிடைக்கின்றன. மொஸார்ட்டின் அந்தப் பத்து ஸ்வரங்களுக்கு இந்தக் குறிமுறையில் உள்ள முகம் இதுதான்: கீழே, அதே, மேலே, கீழே, அதே, மேலே, கீழே, அதே, மேலே. சலீல் எடுத்துக்கொண்டதும் இதைத்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல் நுழைகிறது. 1970களில் ஜே டவ்லிங் என்ற உளவியலாளர் மெட்டு நினைவைப் பற்றிச் செய்த சோதனைகளில், புதிதாக ஒரே ஒருமுறை கேட்ட மெட்டு மனத்தில் வெறும் ஏற்ற இறக்கமாகவே தங்குகிறது என்று கண்டார். இடைவெளிகளின் துல்லியமான அளவு தங்குவதில்லை. ஏற்ற இறக்கம் ஒத்திருக்கும் வேறொரு மெட்டை வாசித்தால் பலர் அதையே முதலில் கேட்டதாக எண்ணிவிடுகிறார்கள். நூறுமுறை கேட்டுப் பழகிய மெட்டு அப்படி ஏமாற்றாது. அதில் ஒரு ஸ்வரம் அரை இடம் நகர்ந்தாலும் காது துள்ளிவிடும். ஆகவே, அரைகுறையாகக் கேட்ட இரண்டு பாட்டுகளை வைத்து "காப்பி" என்று தீர்ப்பு எழுதுவது ஆபத்து. இரண்டையும் நன்றாகத் தெரிந்தவர் சொன்னால் அதற்கு மதிப்புண்டு.

தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பும் நாம் நினைப்பதைவிட அதிகம். 2020இல் டேமியன் ரீல், நோவா ரூபின் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு ஸ்தாயியின் எட்டு ஸ்வரங்களை வைத்து 12 ஸ்வர நீளத்தில் எத்தனை மெட்டு சாத்தியமோ அத்தனையையும் கணினியால் உருவாக்கிச் சேமித்தார்கள். வந்த எண்ணிக்கை 6,871 கோடிக்கு மேல். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யாரும் பாட விரும்பாதவை. மனிதக் குரல் சின்னச் சின்ன அடிகளாக நடக்கவே விரும்புகிறது. தூரமாகத் தாவினால் தாவிய பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது. பாடத் தகுந்த மெட்டுகள் என்று சலித்தெடுத்தால் அந்த மலை மேடாகிவிடும்.

இந்தியாவில் ராகம் அந்த மேட்டையும் முற்றமாக்குகிறது. சிவரஞ்சனியை எடுத்துக்கொள்ளுங்கள். மோகனத்தின் காந்தாரத்தை மட்டும் ஒரு படி இறக்கினால் சிவரஞ்சனி. மொத்தமே ஐந்து ஸ்வரங்கள். சங்கர்–ஜெய்கிஷன் 1970இல் 'மேரா நாம் ஜோக்க'ருக்கும், ஆர்.டி. பர்மன் 1976இல் 'மெஹ்பூபா' படத்துக்கும், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் 1981இல் 'ஏக் தூஜே கே லியே'வுக்கும் இதே ராகத்தில் பாட்டுப் போட்டார்கள். மூன்றிலும் அதே ஏக்கம், அதே பிடிகள் அங்கங்கே எட்டிப் பார்க்கும். ஒருவர் இன்னொருவரிடமிருந்து எடுத்தார் என்று சொல்ல முடியாது. மூவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். அந்தக் கிணற்றுக்கு யாரிடமும் பட்டா இல்லை.

அடுத்தவரின் மெட்டைத் தன்னுடையது என்று மனமார நம்புவதும் நடக்கிறது. உளவியலில் இதற்கு மறைநினைவு என்று பெயர் சொல்லலாம். கேட்டது நினைவிருக்கும், கேட்டோம் என்பது மறந்துபோகும். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிஸனுக்கு அப்படித்தான் ஆயிற்று. 1970இல் வந்த அவருடைய 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டு, 1963இல் ஷிஃபான்ஸ் குழு பாடிய ஒரு பாட்டின் மெட்டு என்று வழக்கு வந்தது. 1976இல் அமெரிக்க நீதிமன்றம், அவர் தெரிந்து எடுக்கவில்லை, அடிமனம் எடுத்துக் கொடுத்திருக்கிறது, ஆனாலும் அது மீறல்தான் என்று தீர்ப்பளித்தது.

இப்படி எல்லாச் சலுகையையும் கொடுத்த பிறகும் ஒரு கூட்டம் மிஞ்சும். அதை மறைநினைவு என்றோ ராக ஒற்றுமை என்றோ சொல்ல முடியாது. ஹென்றி மான்சினி 1963இல் 'ஷரேட்' படத்துக்குப் போட்ட மெட்டு, 1965இல் 'கும்நாம்' படத்தின் தலைப்புப் பாட்டாக வருகிறது. இரண்டும் மர்மப் படங்கள், மனநிலையும் அதே மனநிலை. 1982இல் 'டிஸ்கோ டான்ஸ'ருக்காக பப்பி லஹிரி போட்ட 'ஜிம்மி ஜிம்மி' பாட்டின் வேர் ஒட்டாவான் என்ற பிரெஞ்சுக் குழுவின் பாட்டில் இருக்கிறது. தெலுங்கில் இளையராஜா 1990இல் 'ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி'க்குப் போட்ட மெட்டு, 1992இல் 'பேட்டா' படத்தில் ஆனந்த்–மிலிந்த் பெயரில் இந்தியாவையே ஆட வைத்தது. இவற்றில் ஒத்துப்போவது ஏற்ற இறக்கம் மட்டும் அல்ல. தாளக்கட்டும் சேர்ந்தே வருகிறது. எத்தனை அடையாளங்கள் கூடுகின்றனவோ அத்தனைக்குத் தற்செயல் என்ற விளக்கம் மெலிந்துகொண்டே போகும்.

'ஷோலே'யின் 'மெஹ்பூபா மெஹ்பூபா' இன்னும் சுவையான விஷயம். 1975இல் ஆர்.டி. பர்மன் தானே பாடிய அந்தப் பாட்டு, டெமிஸ் ரூஸோஸ் 1974இல் பாடிய ஒரு பாட்டிலிருந்து வந்தது. ரூஸோஸின் பாட்டுக்கோ வேர் சைப்ரஸ் தீவின் நாட்டுப்புற மெட்டு. பெயர் தெரியாத தீவுவாசிகளின் மெட்டு பம்பாய் ஒலிப்பதிவுக் கூடம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும். பர்மனின் கரகரத்த குரல் இல்லாமல் அது இல்லை. ஆனாலும் அந்த நெடும்பயணத்தில் ஒருவர் பெயர்தான் நமக்குச் சொல்லப்பட்டது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இத்தனையும் எப்படி நடந்தது என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் முதலில் 'இசைப்படைப்பு' என்று ஒப்புக்கொண்டது அச்சிட்ட, அல்லது குறியீடாக எழுதி வைத்த இசையை மட்டுமே. செவிவழியாகப் பிறந்து செவிவழியாகவே வாழும் இசை நம்முடையது. ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடிக் காட்டிய மெட்டு, தாளில் ஏறாதவரை, சட்டத்தின் கண்ணுக்குப் படவே இல்லை. 1994இல் வந்த திருத்தம்தான் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசை இசையே என்று ஏற்றுக்கொண்டது.

ஏழு ஸ்வரம் வரை எடுக்கலாம், இத்தனை விநாடி வரை எடுக்கலாம் என்று திரையுலகில் பலர் நம்பும் விதி ஒன்று உண்டு. அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. 2008இல் 'க்ரேஸி 4' படம் வெளிவரவிருந்த நேரத்தில், தான் ஒரு கைப்பேசி விளம்பரத்துக்குப் போட்ட இசையை ராஜேஷ் ரோஷன் அந்தப் படத்தின் பாட்டுகளில் பயன்படுத்திவிட்டார் என்று ராம் சம்பத் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விளம்பர இசை சில விநாடிகள்தான். எத்தனை விநாடி என்று கடிகாரம் பார்க்காமல், எடுத்த துண்டு பாட்டின் உயிரான பகுதியா என்று பார்த்த நீதிமன்றம், அந்தப் பாட்டுகளோடு படத்தை வெளியிடத் தடை விதித்தது. இரண்டு கோடி ரூபாய் கொடுத்துத் தீர்த்துக்கொண்ட பிறகே படம் வெளிவந்தது என்று அப்போது செய்திகள் வந்தன.

எதிர்த்திசையிலும் காற்று வீசுகிறது. பிரிட்னி ஸ்பியர்ஸின் 'டாக்ஸிக்' பாட்டில் சுழன்று சுழன்று வரும் அந்த வயலின், 'ஏக் தூஜே கே லியே'யில் லதாவும் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பாடிய சிவரஞ்சனிப் பாட்டின் இடையிசை. 2002இல் வந்த 'அடிக்டிவ்' என்ற அமெரிக்கப் பாட்டோ, 1981இல் 'ஜ்யோதி' படத்துக்காக பப்பி லஹிரி இசையில் லதா பாடியதை அப்படியே எடுத்துப் பின்னணியாக்கியது. வழக்கு நடந்தது. லஹிரியின் பெயர் போடாமல் அந்த இசைத்தட்டை விற்கக் கூடாது என்று 2003இல் அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது.

பெயர்: சண்டையின் மையம் பல நேரங்களில் அதுதான். 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 'பொன்னியின் செல்வன் 2' படத்தின் 'வீரா ராஜ வீரா' பாட்டில் துருபத் பாடகர்களான டாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி' இசை இருக்கிறது, அவர்கள் பெயரைப் போட வேண்டும் என்று ஏ.ஆர். ரஹ்மானுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் உத்தரவிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்தது மட்டுமே அதை இயற்றியதற்கான சான்றாகாது என்பது அவர்கள் எழுப்பிய தடை. 'சிவ ஸ்துதி' அமைந்த அடானா என்ற ராகம் பொது. அதில் ஒருவர் கட்டிய பந்திஷ், அதாவது பாட்டு, பொது அல்ல. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த கலையில் எது எங்கே தொடங்கியது என்று எல்லை போடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த இரண்டு உத்தரவுகளும் சேர்ந்தே காட்டுகின்றன.

மீண்டும் சலீலிடம் வருகிறேன். மொஸார்ட்டின் சிம்பொனியில் அந்த மெட்டு பரபரப்பானது, மூச்சு வாங்குவது. வயலின்களுக்கு அடியில் வயோலாக்கள் படபடத்துக்கொண்டே இருக்கும். சலீலின் கையில் அது தலத்தின் நடுங்கும் குரலுக்கு இறங்கி, காதலியிடம் தன்னை விட்டுவிடச் சொல்லும் நாடோடியின் பேச்சாகிவிடுகிறது. பல்லவியைத் தாண்டிச் சரணத்துக்குப் போனதும் அது முழுக்க முழுக்க சலீலின் மெட்டு. மொஸார்ட் காலமானது 1791இல். 170 ஆண்டுகள் கழித்து யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. என் கணக்கில் இது திருட்டு அல்ல, படைப்பு. தொடக்கத்தை வாங்கிக்கொண்டு அதை வேறொரு ஊருக்கு, வேறொரு துயரத்துக்கு அழைத்துப் போகிறவரும், முதல் தாளம் முதல் கடைசி இடையிசை வரை அப்படியே பெயர்த்து வைக்கிறவரும் ஒன்றல்ல. சலீலின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்த இளையராஜா, 1986இல் தம் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் பாஹின் வயலின் இசையை எடுத்தாண்டபோது அந்த இசைக்கு வைத்த தலைப்பிலேயே பாஹின் பெயர் இருந்தது. கேட்பவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கூடுதலாக ஒரு வாசல் திறந்தது.

இன்று பாட்டு கேட்கும் செயலிகளில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. அங்கே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. இசை நிறுவனங்களும் இசையமைப்பாளர்களும் அதில் 'மூல மெட்டு' என்று எழுதி, அது மொஸார்ட்டானாலும் சைப்ரஸ் நாட்டுப்புறமானாலும், உரிய பெயரைப் போட வேண்டும்.