ரொட்டிப் பட்டியல்கள்: ஃபுஸ்தாத் யூதரின் அறக்கொடை

இறைவனின் திருப்பெயர் எழுதப்பெற்ற தாள் காலில் மிதிபடலாகாது என்னும் பேணுதல் நம்மிடம் உண்டு. சிதைந்த முஸ்ஹஃபுகளைத் துணியில் சுற்றி மண்ணில் புதைப்போரும், ஓடும் நீரில் சேர்ப்போரும் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். யூதரிடமும் இதே பேணுதல் இருந்தது. பயன்படாமற்போன எழுத்துகளை ஓரிடத்தில் சேர்த்துவைத்துப் பின்னர் அடக்கம் செய்வர். அவ்வாறு சேர்க்கும் இடத்திற்குக் ‘கெனீஸா’ என்று பெயர். நாம் வழங்கும் ‘ஜனாஸா’ என்னும் சொல்லோடு இதனை உறவுபடுத்துவர் மொழியறிஞர். பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் கெனீஸா மட்டும் ஏனோ அடக்கம் செய்யப்படாமல் நூற்றாண்டுக் கணக்கில் நிறைந்துகொண்டே இருந்தது. 1896ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் கொணர்ந்த துண்டுகள் மட்டுமே 1,90,000-க்கு மேற்பட்டவை.

வேதப் பிரதிகளைத் தேடிச் சென்றவருக்கு வேறொன்றும் சேர்ந்தே கிடைத்தது. வணிகக் கடிதம், மணமுறிவுச் சீட்டு, கடன் பத்திரம், வாடகைக் கணக்கு, பிச்சை கேட்டு எழுதிய விண்ணப்பம் என ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வு முழுவதும் அவ்வறையில் குவிந்து கிடந்தது. இவற்றில் பெரும்பகுதி அரபு மொழியிலானது. எழுத்து மட்டும் எபிரேயம். தமிழை அரபு எழுத்தில் எழுதி ‘அரபுத்தமிழ்’ வளர்த்த நமக்கு இது வியப்பன்று. மொழி சுற்றுப்புறத்தினுடையது, எழுத்து வேதத்தினுடையது என்னும் அதே ஏற்பாடுதான். இவற்றுள் 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலானவற்றைக் கொண்டு எஸ். டி. கோய்டைன் (1900–1985) ‘ஒரு மத்தியதரைக்கடல் சமூகம்’ என்னும் பெருநூலைப் பல தொகுதிகளாக எழுதினார். அறக்கொடை பற்றிய ஏடுகளை மட்டும் தனியே ஆராய்ந்து மார்க் கோஹன் 2005ஆம் ஆண்டில் இரு நூல்கள் வெளியிட்டார்.

நாம் இங்கே பேசப்புகுவது அந்த அறக்கொடை பற்றியே. இஸ்லாமிய ஆட்சியின்கீழ் வாழ்ந்த ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் வணக்கத்தலத்தையும் தன் ஏழைகளையும் எவ்வாறு தாங்கிற்று என்பது, வேறொரு பெரும்பான்மையின் நடுவே ஜமாஅத்தாக வாழும் நமக்குப் பொருளற்ற வினா அன்று. ‘யூதர்’ என்றதும் ஃபலஸ்தீனின் துயரமே இன்று நம் நெஞ்சில் முதலில் எழுகிறது, அது இயல்பே. ஆயினும் அத்துயரத்தைக் கொண்டு ஃபுஸ்தாத்தின் கணக்கேட்டை வாசிப்பது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது.

ஃபாத்திமியர் காலத்து ஃபுஸ்தாத்தில் ஷாமியர் (ஃபலஸ்தீன் மரபினர்), இராக்கியர் எனும் இரு யூதச் சபைகள் தனித்தனி ஆலயங்களோடு இருந்தன, கராயீக்கள் வேறு. பென் எஸ்ரா ஷாமியரது. கலீஃபா அல்ஹாக்கிம் (ஆட்சி 996–1021) கிறித்தவ, யூத ஆலயங்களை இடிக்கச் செய்தபோது அதுவும் இடிபட்டது. அவருக்குப் பின் மீண்டும் எழுந்தது. இவ்வாட்சியைப் பொற்காலம் என்று புகழ்வோர் இவ்விடிப்பை மறக்கின்றனர். இருண்டகாலம் என்று பழிப்போர் மீண்டும் எழுந்ததை மறக்கின்றனர்.

சபைகள் வேறாயினும் ஏழைகளுக்கான பணி பொதுவாகவே நடந்தது. வாரத்தில் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், ரொட்டி பங்கிடப்பட்டது. ஓர் ஆளுக்கு வாரம் நான்கு ரொட்டி என்பது பொதுவான அளவு. ஒரு ரொட்டி ஏறத்தாழ ஒரு ராத்தல் எடை. 1107ஆம் ஆண்டை ஒட்டிய பல பட்டியல்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் குருடர், கைம்பெண்டிர், அநாதைகள், ‘ரூம்’ நாட்டிலிருந்து வந்த அகதிகள், ஆலயக் காவலர், குழிவெட்டுவோர் என வரிசை வரிசையாகப் பெயர்களும், எதிரே ரொட்டியின் எண்ணிக்கையும் காணப்படுகின்றன. பலருக்குப் பெயரே இல்லை. இன்னாரின் மனைவி, இன்ன ஊரான் என்ற அடையாளம் மட்டுமே. ஊதியம் போதாத ஆலயப் பணியாளர்களும் இதே பட்டியலில் ரொட்டி பெற்றனர் என்பதும் நோக்கத்தக்கது. உடை வழங்கல், கோதுமை வழங்கல் என்பனவற்றுக்கு வேறு பட்டியல்கள் இருந்தன.

பணம் வந்த வழி எது? ஆலயத்தில் ஒவ்வொருவரும் தாம் தரவிருக்கும் தொகையைச் சொல்லி ஒப்புக்கொள்வர். அதற்குப் ‘பெஸீக்கா’ என்று பெயர். பெயரும் தொகையும் எழுதப்படும். பின்னர் ஜாபி எனப்படும் வசூலிப்பவர் வீடும் கடையும் ஏறி அதனைத் தண்டுவார். பர்னாஸ் என்னும் பொறுப்பாளர் பங்கீட்டைக் கவனிப்பார். ‘ஜாபி’ அரபுச் சொல், ‘பர்னாஸ்’ எபிரேயச் சொல். இருவரும் ஒரே ஏட்டில் கையெழுத்திட்டு நிற்கின்றனர். யூதச் சட்டப்படி பொதுநிதியை வசூலிக்க இருவர், பங்கிட மூவர் வேண்டும். ஒருவர் கையில் மட்டும் பணம் இருத்தலாகாது. நம் ஜமாஅத்துகளின் சந்தாப் புத்தகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவையெல்லாம் நன்கு அறிமுகமானவை போலவே தோன்றும்.

இப்பொதுநிதியின் மேல் விழுந்த சுமைகளுள் பெரியது, சற்று மனவருத்தத்தோடே நாம் சொல்ல வேண்டியது, ஜிஸ்யா. ஏடுகளில் அது ‘ஜாலியா’ எனப்படுகிறது. இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் உமர் (ரலி) அவர்கள் பற்றிய ஒரு செய்தியைத் தருகிறார். பார்வையிழந்த முதியவர் ஒருவர் வாசல்தோறும் இரந்து நின்றார். அவர் யூதர் என்றும், ஜிஸ்யாவும் முதுமையும் தேவையுமே அவரை இரக்கச் செய்தன என்றும் அறிந்த கலீஃபா, கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். பின்னர், ஸகாத் பெறுவோரைக் கூறும் இறைவசனத்தை (9:60) எடுத்துக்காட்டி, இவர் போன்றோர் வேதம் அருளப்பட்டவருள் வறியவர் எனக் கூறி, ஜிஸ்யாவை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து கொடுக்கும்படி பணித்தார்கள். ஹனஃபி மத்ஹபில் உழைக்க இயலாத வறியவர் மேல் ஜிஸ்யா இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அது அவர் பொறுப்பில் கடனாக நிற்கும், வசதி வரும்வரை.

ஃபுஸ்தாத்தின் நடைமுறையோ இவ்விரண்டிலும் கடுமையானது. வரி கட்டிய ‘பராஅத்’ சீட்டு இல்லாதவன் ஊர்விட்டு ஊர் செல்ல இயலவில்லை. கட்டாதவன் சிறைப்பட்டான். வசூலிப்போருக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒளிந்திருப்பதாகவும், ஆகவே பிழைப்புக்கு வெளியே செல்ல முடியவில்லை எனவும் எழுதிய ஏழைகளின் கடிதங்கள் உள்ளன. அவர்களுக்காகச் சமூகம் நிதி திரட்டி வரியைக் கட்டியது. ஏழையின் வரியை இரவலாகத் திரட்டிய பணத்திலிருந்து அரசு பெற்றது என்பதே இதன் நேர்ப்பொருள். ஃபிக்ஹு நூல்களை மட்டும் படித்தால் இச்செய்தி நமக்குத் தெரியவராது. ரொட்டிப் பட்டியலையும் படிக்கவேண்டும்.

அடுத்த பெருஞ்செலவு கைதிகளை மீட்பது. கடற்கொள்ளையர் பிடித்துவந்த யூதரை மீட்க ஆளுக்கு 33⅓ தீனார், அதாவது மூவருக்கு நூறு, என்பது வழக்கமான விலை. நடுத்தரத்தினும் சற்றுத் தாழ்ந்த ஒரு குடும்பம் மாதம் 2 தீனாரில் வாழ்ந்த காலம் அது என்கிறார் கோய்டைன். எனவே ஓர் உயிரின் விலை ஒரு குடும்பத்தின் ஓராண்டுக்கும் மேற்பட்ட வாழ்வுச் செலவு. 1099இல் சிலுவைப்போர்ப் படை ஜெரூசலத்தைப் பிடித்து முஸ்லிம்களையும் யூதரையும் வெட்டிச் சாய்த்தபின், எஞ்சியோரை அஸ்கலான் நகர யூதர் மீட்டனர். அதற்குப் பொருளுதவி வேண்டி 1100இல் அவர்கள் எழுதிய கடிதம் கெனீஸாவில் கிடைத்தது. மனிதரோடு 230 வேதப் பிரதிகளையும், 100 பிற நூல்களையும், 8 தோரா சுருள்களையும் பணம் கொடுத்து மீட்டதாக அதில் கணக்கு உள்ளது. 1168இல் சிலுவைப்படை பில்பைஸைப் பிடித்தபோது மீண்டும் அதே துயரம். இம்முறை மீட்புநிதிக்கு ஊர்தோறும் முடங்கல் விடுத்தவர் குர்துபாவிலிருந்து குடிபெயர்ந்து வந்து சில ஆண்டுகளே ஆன ஓர் அறிஞர்: மூஸா இப்னு மைமூன்.

இவர் 1204இல் மறைந்தார். ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சர் அல்காளீ அல்ஃபாளிலின் ஆதரவில் மருத்துவராய் விளங்கியவர். தம் சட்டத் தொகுப்பில் அறக்கொடையை எட்டுப் படிகளாக அவர் வகுத்தது பலரும் அறிந்ததே. மேற்படி எதுவென்றால், கடனோ கூட்டு வணிகமோ வேலையோ தந்து, ஒருவன் இரக்க நேராமல் தடுப்பது. அடுத்தது, கொடுத்தவன் பெற்றவனை அறியாமலும் பெற்றவன் கொடுத்தவனை அறியாமலும் கொடுப்பது. வலக்கை கொடுத்ததை இடக்கை அறியாத ஸதகாவைப் புகழும் நபிமொழியை அறிந்தவர்க்கு இது அயலாகத் தோன்றாது. யூதர் அல்லாத ஏழைகளுக்கும் உணவும் உடையும் தரவேண்டும் என்றும் அவர் சட்டம் கூறுகிறது. இந்தியக் கடல்வணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர் தம்பி தாவூது, இந்தியாவை நோக்கிய பயணத்தில் கடலில் மூழ்கினார். குடும்பத்தின் முதலும் பிறர் ஒப்படைத்த பணமும் அவரோடு போயின. வறுமையைப் பற்றிப் பேசியவர் ஏட்டில் மட்டும் அதனைக் கண்டவரல்லர்.

ஆயினும் ஏழைகளே எழுதிய, அல்லது எழுதுவித்த, விண்ணப்பங்களே நம்மை மிகவும் நிறுத்திவைக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ‘மஸ்தூர்’: மறைக்கப்பட்டவர், திரையிடப்பட்டவர். குறைந்த வருவாயில் மானத்தோடு, பிறர் அறியாமல் வாழ்ந்து வந்தவர் என்பது பொருள். நோயோ கடனோ வந்து அத்திரை விலகும்போது, இதுவரை எவரிடமும் ‘முகம் திறந்ததில்லை’ என்று எழுதுகின்றனர். முகம் திறத்தல் என்பது அவர்கள் வழக்கில் கைநீட்டுதல். இவர்கள் ரொட்டி வரிசையில் நிற்க விரும்பாதவர்கள். தனி ஒருவருக்கு மறைவாகக் கடிதம் எழுதி மறைவாகவே உதவி பெற வேண்டினர். திருக்குர்ஆன் 2:273இல், கேட்கத் தயங்கும் தன்மானத்தால், அறியாதவர் செல்வர் என்றே எண்ணத்தக்க ஏழைகள் பேசப்படுகின்றனர். அவ்வசனத்துக்கு வாழ்க்கையிலிருந்து ஒரு விளக்கவுரை வேண்டுவோர்க்கு இக்கடிதங்களைக் காட்டலாம். விண்ணப்பத்தின் அமைப்போ, வாழ்த்தும் முறையீடும் துஆவும் என, கலீஃபாவின் சபைக்கு முஸ்லிம்கள் எழுதிய விண்ணப்பங்களின் அச்சே. உதவிப்பொருளை ஏழையின் கையில் திணித்துப் புகைப்படம் எடுத்துச் சுவரொட்டி ஒட்டும் நம் காலத்துப் பழக்கத்தைப் பற்றி இங்கு அதிகம் சொல்லத் தேவையில்லை.

நிலையான வருவாய்க்கு வக்ஃபு போன்ற ஏற்பாடும் இருந்தது. எபிரேயத்தில் ‘ஹெக்தேஷ்’, ஏடுகளில் அரபு வழக்கில் ‘அஹ்பாஸ்’ என்றும் வரும். பக்தர்கள் எழுதிவைத்த வீடுகள் வாடகைக்கு விடப்பட்டன; குடியிருந்தோரில் முஸ்லிம்களும் இருந்தனர். மோஷே கில் 1976இல் பதிப்பித்த கணக்குகளைப் பார்த்தால், அவ்வாடகையில் பெரும்பகுதி கட்டடப் பழுதுக்கும், ஆலய விளக்கெண்ணெய்க்கும், பணியாளர் ஊதியத்துக்குமே சென்றது. ஏழையின் ரொட்டி பெரிதும் வாரந்தோறும் திரட்டிய நன்கொடையையே நம்பியிருந்தது. வக்ஃபு வளமாக இருந்தும் ஏழைக்கு எட்டாமற்போவது எக்காலத்துக்கும் உரியது போலும்.

இத்தகைய அறக்கட்டளையை நம் ஃபுகஹாக்கள் எவ்வாறு நோக்கினர்? ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டினரான இமாம் அல்கஸ்ஸாஃப் வக்ஃபுச் சட்டம் பற்றிய தம் நூலில் இதனை விரிவாகப் பேசுகிறார். திம்மி ஒருவர் தம் ஏழைகளுக்காகச் செய்யும் வக்ஃபு செல்லும். ஏனெனில் ஏழைக்கு ஈவது நம்மிடமும் அவர்களிடமும் நற்செயல். ஆலயத்துக்கென்றே செய்தால் செல்லாது. ஷாஃபிஈ நூல்களும் தனிப்பட்ட திம்மிக்குச் செய்யும் வக்ஃபை ஏற்று, அவர்தம் வணக்கத்தலம் கட்டச் செய்வதை மறுக்கின்றன. ஸகாத் முஸ்லிம்களுக்கே உரியது என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஸதகா எவருக்கும் ஆகும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஃபித்ராவையும் திம்மி ஏழைக்குத் தரலாம் என்றார்கள். நம்மோடு போரிடாதவர்க்கு நன்மை செய்வதை இறைவன் தடுக்கவில்லை என்னும் வசனம் (60:8) இவற்றுக்கெல்லாம் அடிப்படை. ஈகை எதிர்த்திசையிலும் நடந்ததுண்டு. உஹதுப் போரில் முஸ்லிம்களின் பக்கம் நின்று உயிர்துறந்த மதீனாவின் யூத அறிஞர் முகைரிக் தம் சொத்தை நபி (ஸல்) அவர்களுக்கென விட்டுச் சென்றதாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அவர் இஸ்லாத்தை ஏற்றிருந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். அவருடைய தோட்டங்களே நபியவர்களின் மதீனத்து ஸதகாக்களாயின என்பர். நம் கரையிலும் ஒரு சான்று உண்டு. கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துக்கு 849இல் வழங்கிய செப்பேட்டில், கூஃபி எழுத்தில் முஸ்லிம் வணிகரும், எபிரேய எழுத்தில் யூதரும் சாட்சிக் கையெழுத்திட்டுள்ளனர்.

ஃபுஸ்தாத்தின் கொடையாளர்களுள் ஒருவரை மட்டும் இங்குக் குறிப்பிடுவோம். அல்வுஹ்ஷா என்று ஊரார் அழைத்த தரகுப் பெண்மணி, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவருடைய மணவாழ்வு ஊர் வாய்க்கு அவலாயிற்று. யூதரின் பெருநோன்பு நாளன்றே இராக்கியர் ஆலயத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அவருடைய மரணசாசனம் கிடைத்துள்ளது. ஏழைகளுக்கும் ஆலயங்களுக்கும் அவர் பொருள் ஒதுக்கியிருக்கிறார். இரவில் மக்கள் ஓதிப் படிப்பதற்கான விளக்கெண்ணெய்க்கென்றும் எழுதியிருக்கிறார். தம்மை வெளியேற்றிய ஆலயத்தை அவர் விட்டுவிடவில்லை. அதற்கும் பங்கு உண்டு.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஸ்ரிலிருந்து யூதர் பெரும்பாலும் வெளியேறிவிட்டனர். பென் எஸ்ரா ஆலயத்தை எகிப்திய அரசு பழுதுபார்த்து 2023இல் திறந்தது. பார்வையாளர் வருகின்றனர், சபை இல்லை. ஏடுகள் பல நாட்டு நூலகங்களில் உள்ளன; பெரும்பாலானவை இணையத்திலும் காணக்கிடைக்கின்றன. அவற்றில் அரபு எழுத்திலேயே அமைந்த ஃபாத்திமிய அரசின் ஆணைகளும் கலந்திருப்பதை மரினா ரஸ்டோ 2020இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது. அரசு கழித்த தாளின் வெற்றிடத்தில் ஆலயத்தார் எழுதிக்கொண்டனர். இன்னும் முழுதும் வாசிக்கப்படாத ஏடுகள் மிகப்பல. நம் மத்ரஸாக்களில் அரபு நன்கு பயின்ற இளம் ஆலிம் ஒருவர் எபிரேய எழுத்துகள் 22ஐயும் கற்றுக்கொண்டால் இப்பணியில் இறங்கலாம். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு அதற்குச் சில வாரங்கள் போதும்.