முத்துக் கரையில் ஐந்து நாள்

கள்ளழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிவிட்டால், அப்புறம் மதுரையில் ஒரே பேச்சுத்தான்: "இந்த வருஷம் கொடைக்கானலா, ஊட்டியா?" வெயிலைக் கண்டதும் மலைக்கு ஓடுவது நம் ஊர்க்காரர்களின் சுபாவமாகிவிட்டது. காரில் மூன்று மணி நேரம் கிழக்கே போனால் சமுத்திரம் இருக்கிறது என்பது, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்குமே நமக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்கும் அக்கினி தீர்த்தத்தில் முழுகி, ஈரத் துணி உலருமுன் வண்டி ஏறிவிடுகிறோம்.

ஐரோப்பாவில் போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்சு தேசங்களின் அட்லாண்டிக் கரையோரமாகக் கணவனும் மனைவியுமாக மோட்டாரில் புறப்பட்டு, ஊருக்கு ஓர் இரவு தங்கிக் கோடையைக் கழிப்பவர்கள் அநேகர். நமக்கும் அப்படி ஒரு கரை உண்டு. இராமேசுவரம் தொடங்கிக் குமரி முனை வரையில் நீளும் அந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பழைய பெயர். கடலுக்குப் போய்த் திரும்புவது வேறு, கடலோடு கூடவே போவது வேறு. பூகோளமும் சரித்திரமும் கற்பிக்கும் உபாத்தியாயர்களாகிய நாங்கள் இருவரும் அந்த வித்தியாசத்தை நேரில் கண்டறிய எண்ணி, சென்ற வைகாசியில் எங்கள் சிறிய காரில் புறப்பட்டோம். ஒருவர் வண்டி ஓட்டுவது, ஒருவர் வழி சொல்வது, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை உத்தியோகத்தை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

வைகையின் வழியே

மதுரையிலிருந்து இராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். சாலை பெரும்பாலும் வைகையை ஒட்டியே போகிறது. ஊரைத் தாண்டியவுடன் கீழடி. பூமிக்கடியிலிருந்து ஒரு பழைய நகரத்தின் செங்கற் சுவர்களும் உறைகிணறுகளும் அங்கே வெளிப்பட்டன. கண்டெடுத்த பொருள்களுக்கென்று 2023-இல் ஓர் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். அப்பால் திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி.

வைகையின் தண்ணீரில் பெரும்பகுதி இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. மிஞ்சியது கடலை அடையும் இடத்துக்கு அருகே அழகன்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தோண்டியபோது ரோமாபுரியோடு நடந்த வாணிகத்தின் அடையாளங்கள் கிடைத்தன. மதுரையை உள்நாட்டு நகரம் என்று பாடம் சொல்கிறோம். பாண்டியன் தலைநகரமோ, ஆற்றின் வழியாகக் கடலைப் பார்த்தே வாழ்ந்திருக்கிறது.

மண்டபம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நீலம். சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. அதன் மேலிருந்து பார்த்தபோது, 1914-இல் கட்டி முடித்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழையதில் கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரு கைகளைப்போல் விரிந்து மேலெழுந்து வந்தது. புதியதில் நடுத்துண்டு முழுவதும் அப்படியே செங்குத்தாக உயர்கிறது.

மணலில் ஒரு பட்டணம்

மறுநாள் விடியுமுன் தனுஷ்கோடிக்குச் சென்றோம். அங்கே வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். கோடையில் தென்மேற்குக் காற்று வீசும்போது ஆண் கடல் ஆர்ப்பரிக்கிறது, பெண் கடல் கண்மாயைப்போல் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்தால் பெண் கடலின் முறை. "நம் வீட்டு நடைமுறைதான்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் சொன்னது என்பதை வெளியிடுவதற்கில்லை.

அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், கூரையற்ற சுவர்கள் - இவைதான் இன்றைய தனுஷ்கோடி. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பிரயாணிகள் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தார்கள். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு கொண்டுபோயிற்று. ஊரும் அன்றோடு முடிந்தது. வாழத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆயினும் செம்படவக் குடும்பங்கள் குடிசை போட்டுக்கொண்டு வலை வீசுகின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டதிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்களின் கார்கள் வரிசையாக வருகின்றன. எங்கள் காரும் அந்த வரிசையில் ஒன்றுதான். ஆனால் சங்கு மாலை விற்கும் அம்மாளிடம் கால்மணி நேரம் உட்கார்ந்து பேசினால், இடிந்த சுவரைப் படம் பிடிப்பதைக் காட்டிலும் அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

வெயில் விளையும் நிலம்

மீண்டும் பாலம் கடந்து, இராமநாதபுரத்தில் தெற்கே திரும்பினோம். இங்கிருந்து தூத்துக்குடி சுமார் 120 கிலோமீட்டர். முதலில் வருவது "செத்தும் கொடுத்தான்" என்று பழமொழியில் வாழும் வள்ளல் சீதக்காதியின் கீழக்கரை. அப்புறம் ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார். சாலையிலிருந்து கண்ணுக்குப் படாவிட்டாலும், இந்தக் கரைக்கு எதிரே 21 தீவுகள் உண்டு. 1986-இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வருஷக்கணக்காக வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியமான காரணம். பாறை போனால் அலையைத் தடுப்பது யார்?

விசைப்படகுகள் எல்லாம் கரையில் ஓய்ந்து நின்றன. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலமென்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவை கடலுக்குப் போகக் கூடாது. படகின் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். ஆனால் கரையில் மற்ற எல்லாருக்கும் கோடைதான் வேலைக் காலம். வேம்பாரில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் வாசனை சாலை வரை வந்து வண்டியை நிறுத்தியது. பனை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்த பதநீருக்கு ஈடாக எந்த மலை வாசஸ்தலத்திலும் ஒன்று கிடையாது.

தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பளங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக வெண்மை. குஜராத்துக்கு அடுத்தபடியாகத் தேசத்தில் உப்பு மிகுதியாக விளைவது இந்தப் பகுதியில். வெயிலுக்கு முன்பே வேலைக்கு வந்துவிட்ட பெண்கள், தலையில் துணி சுற்றிக்கொண்டு உப்பு சுமந்தார்கள். காலில் உப்பு நீர், கண்ணில் உப்பின் கூச்சம். "இந்த வெயிலில் கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டோம்.

"வெயில் அடிச்சாத்தான் எங்களுக்குச் சோறு அக்கா. மழை பெஞ்சா எல்லாம் கரைஞ்சி போயிரும்" என்றாள் ஒருத்தி.

உப்புக்காக 1930-இல் வேதாரணியத்துக்கு நடந்த கதையை வருஷந்தோறும் வகுப்பில் சொல்லுகிறோம். வரி கொடுக்காமல் உப்பெடுக்கும் உரிமையைப் பற்றிய கதை அது. அந்த உப்பை வாரிச் சுமக்கும் கைகளைப் பற்றியும் ஒரு வகுப்புச் சொல்லவேண்டும் என்று அன்று தீர்மானித்துக்கொண்டோம்.

தூத்துக்குடியில் முந்திரியும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துச் செய்த மக்ரூனை வாங்கிக்கொண்டு துறைமுகத்தின் பக்கம் போனோம். துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயர் வைத்திருக்கிறார்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டவர் அவர். 1908-இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1912-இல் வெளியே வந்தபோது கப்பல்கள் கம்பெனியின் கையில் இல்லை. இன்று அந்தக் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் பெரிய கப்பல்களைப் பார்க்கையில் அவரை நினையாமல் இருக்க முடியவில்லை.

ஆறு மூடிய துறை

அங்கிருந்து திருச்செந்தூர் சாலையில் சற்று விலகினால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறை; யவனர்களின் பழைய கடல்வழிக் குறிப்பிலும் பெயர் பெற்ற ஊர். ஊருக்குள் நின்று பார்த்தால் வாழையும் நெல்லும் குளமுந்தான். கடல் பல கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், துறையை வயலாக்கிவிட்டது. கொற்கை தூர்ந்தபின் ஆற்றின் முகத்தருகே காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் வந்த மார்க்கோ போலோ அதைப் புகழ்ந்தான். பின்பு அதுவும் மணலுக்குள் ஒதுங்கியது. தனுஷ்கோடியைக் கடல் ஒரே இரவில் எடுத்துக்கொண்டது. கொற்கையை ஆறு பல நூற்றாண்டு காலம் நிதானமாக மூடியது.

முத்தும் அப்படியே. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் கடலடியில் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிய பரதவரின் வித்தையை இனி யாரும் பிழைப்புக்காகக் கற்கப் போவதில்லை. மதுரையின் செல்வத்தில் அவர்களுடைய மூச்சுக்கும் ஒரு பங்கு உண்டு.

அட்லாண்டிக்கிலிருந்து வந்தவர்கள்

திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்து, அலைக்கு அருகிலேயே தித்திப்பாக நீர் சுரக்கும் நாழிக்கிணற்றில் நீராடினோம். தெற்கே குலசேகரன்பட்டினம். ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அங்கே அடிக்கல் நாட்டினார்கள். உள்ளே தள்ளிப் போனால் தேரிக் காடு. இரத்தம்போல் சிவந்த மணல் மேடுகள்.

அடுத்தது மணப்பாடு. கடலுக்குள் நீண்ட குன்றின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அட்லாண்டிக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் இங்கே வந்தது முத்துக்காக. வந்த இடத்தில் பரதவர்கள் அவர்களுடைய மதத்தை ஏற்றார்கள். போர்ச்சுகீசியர் போய்விட்டார்கள், முத்தும் போய்விட்டது, ஆலய மணி மாத்திரம் தமிழ்ச் செபத்துக்கு அழைத்துக்கொண்டிருக்கிறது. குன்றின்மேல் உட்கார்ந்து சூரியன் சாய்வதைப் பார்த்திருந்தோம். வீட்டில் இருந்தால் விடைத்தாளும் வீட்டுக் கணக்கும் பேசும் நேரம் அது. ஒரு மணி நேரம் இருவரும் ஒன்றுமே பேசவில்லை. அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரியை அடைந்து, உச்சி வேளைக்குப் பின் பெருஞ்சாலையில் திருநெல்வேலி வழியே மதுரைக்குத் திரும்பினோம். சுற்று வழியெல்லாம் சேர்த்துச் சுமார் 800 கிலோமீட்டர்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. காலையில் ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். பதினொன்றுக்குள் நிழல் தேடுங்கள். மாலை நாலுக்கு மறுபடி கிளம்புங்கள். பெரிய ஊரில் மாத்திரம் தங்காமல், சிறிய ஊரிலும் ஓர் இரவு தங்குங்கள். குழந்தைகள் இருந்தால் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். தேசப்படத்தில் நீலக் கோடாக அவர்கள் வரைகிற கரையில் உப்பு விளைகிறது, வலை காய்கிறது, ஊர்கள் முளைத்து மறைகின்றன என்பதை எந்தப் புஸ்தகத்தைக் காட்டிலும் அந்தச் சாலை நன்றாகச் சொல்லிக் கொடுக்கும். மலை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். கடற்கரையைப் பற்றி அப்படி உறுதி சொல்வதற்கில்லை.