மின்சாரத்தின் தாளம்

காம்பார் வட்டாரத்து மாலிம் நாவார் நீராவி மின்நிலையமும், பேராக் ஆற்றில் 1930-ல் இயங்கத் தொடங்கிய செண்டரோ நீர்மின் நிலையமும் ஒரே நிறுவனம் அமைத்தவை. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய மிதவை யந்திரங்களுக்கு விசை ஊட்டுவது அவற்றின் தலையாய பணியாக இருந்தது. அனலாலும் புனலாலும் இயங்கும் நிலையங்கள் ஒரே கம்பித் தொடரில் இணைய வேண்டுவது யாது? ஒரே தாளம்.

நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைவது. யந்திரங்கள் யாவும் அதற்கு இசையவே சுழலல் வேண்டும். பஜனையில் இரு மிருதங்கங்கள் தாளம் தப்பினால் பாட்டுக் கெடும். இங்கோ யந்திரமே பழுதாகும்.

சுமை மிகுந்தால் சுழற்சி தளரும். உடனே வேகங்காக்கும் கருவி நீரையோ நீராவியையோ மிகுதியாகத் திறந்துவிடும். அதுவும் போதாதாயின், சில ஊர்களின் இணைப்பை விநாடிகளுக்குள் துண்டித்தாக வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நிலையமும் தன்னைக் காத்துக்கொள்ள விலகும். எஞ்சியவற்றின் சுமை மேலும் ஏறும். திரெங்கானு மாநிலத்துப் பாக்காவில் 1996 ஆகஸ்டு 3-ல் நேர்ந்த கோளாறு, இவ்வாறு பரவியே தீபகற்பத்தை இருளில் ஆழ்த்தியது.

சில ஊர்கள் சற்றுநேரம் இருண்டிருப்பது, நாடு முழுவதும் இருளாதிருக்கக் கொடுக்கும் விலையாம். அவ்விலையைக் காலத்தே கொடுத்தல் வேண்டும்.