மேல்விஷாரத்துக்கு ஏன் ஜெர்மன்?

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிலுக்கு ஜெர்மனி பழைய வாடிக்கையாளர். 1989இல் அந்நாடு, தோலில் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடைசெய்தது. 1994இல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. இங்கே பதனிடும் முறையே மாறவேண்டியிருந்தது. அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்தது, சூழலையும் உடல்நலத்தையும் பற்றிய ஜெர்மானியச் சமூகத்தின் அக்கறை. எனவே ஜெர்மன் கற்பவர்கள் இலக்கணத்தோடு அந்நாட்டு உணவு, திருவிழா, குப்பை பிரிக்கும் வழக்கம் ஆகியவற்றையும் பயிற்சிப் பட்டறைகளில் பேசிப் பழகவேண்டும்.

வியாபாரத்துக்கு ஆங்கிலமே போதும் என்பார்கள். ஒப்பந்தம் எழுத அது போதும். வாடிக்கையாளர் நாளை எதைக் கேட்பார் என்று முன்னறியப் போதாது. தேர்வுக்கு இலக்கணம்தானே வேண்டும் என்றால், இலக்கணமும் பேச்சில் புழங்கினால்தான் நிலைக்கும். 1706இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவும் தமிழோடு தமிழர் வழக்கங்களையும் சேர்த்தே கற்றார். ஜெர்மன் கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவன்வரை போகமுடியாத பிள்ளைகளுக்காக மேல்விஷாரக் கல்விக்கூடங்கள் இத்தகைய பட்டறைகளை நடத்த முன்வரவேண்டும்.