நாட்டுச் சராசரிக்குள் மறையும் குடிநோய்

கள்ளுக்கடையை மூடு, முறையான மருத்துவ வசதி கொடு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இவ்விரண்டும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றதை மட்டும்தான் இன்று பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைதானார்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். பிற்காலத்தில் கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்தது. மருத்துவக் கோரிக்கை என்ன ஆயிற்று?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியர்களில் மது அருந்துவோர் சுமார் 12 விழுக்காடுதான். பெரும்பான்மையினரான முஸ்லிம்கள் மதுவைத் தொடாததால் சராசரி தாழ்கிறது. சிறிய எண்ணுக்குச் சிறிய ஏற்பாடு போதும் என்று தோன்றும். ஆனால் பாதிப்பு நாடெங்கும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லையே! ஹெராயினுக்கு அடிமையானவருக்குத் தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம் இருக்கிறது. 2005 முதல் மெத்தடோன் சிகிச்சையும் உண்டு. (அந்தப் பாதையிலும் கட்டாய மறுவாழ்வு என்ற முள் உண்டு, அது தனிக் கதை.) மதுவுக்கென்று அப்படியொரு தேசிய நிறுவனம் இல்லை. கல்லீரல் கெட்ட பிறகே பலர் மருத்துவமனைப் படியேறுகிறார்கள்.

'நம்மவர் இரத்தத்திலேயே குடி ஊறியிருக்கிறது' என்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் யாராவது சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். மரபணு சொல்வது வேறு. மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. அதை ஒரு நொதி அகற்றுகிறது. கிழக்காசியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த நொதி சரியாக வேலை செய்யாது. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். அதுவே அவர்களுக்கு ஓரளவு வேலி. இந்தியர், ஐரோப்பியர், ஆப்பிரிக்கரிடம் அந்த வேலி அரிது, அவ்வளவுதான். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்தது மரபணு அல்ல.

சிகிச்சை இல்லாமலும் இல்லை. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகளை உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

உங்கள் வீட்டில் தினமும் அதிகம் குடிப்பவர் இருந்தால் ஒன்றை மறவாதீர்கள். 'இன்றோடு நிறுத்து' என்று அறையில் பூட்டி வைப்பது ஆபத்து. முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் கைநடுக்கம், காய்ச்சல், இல்லாததைப் பார்த்துப் பிதற்றல் வந்தால் அது பேய்பிடித்தல் அல்ல. உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் எவ்வளவு தேவை என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.